காட்சி, கருதல், உரை: டெர்மினல் சாளரத்தின் பெயர்

யூனிக்ஸ் கணினியில் டெர்மினல் சாளரத்தின் மேற்பட்டையில் ஒரு வரி நிற்கும். அதுதான் சாளரத்தின் தலைப்பு. ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், எதையும் எழுதாமல் விட்டால் அங்கே டெர்மினல் என்றோ எக்ஸ்டெர்ம் என்றோ மென்பொருளின் பெயர் மட்டும் இருக்கும். பத்துச் சாளரங்கள் திறந்திருந்தால் பத்திலும் அதே சொல். ஷெல்லின் தொடக்கக் கோப்பில் இரண்டு மூன்று வரிகள் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் ஷெல்லே அந்தத் தலைப்பைத் திருத்தி எழுதும்: பயனர் யார், கணினி எது, நிற்கும் கோப்புறை எது என்று. ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையையும் சேர்த்துக்கொள்ளலாம். கணினிக்காரர்கள் இதைக் கால் மணி நேரச் சில்லறை வேலையாகவே நினைக்கிறார்கள். ஆனால் அந்த வரியைப் பார்த்து, இது சோதனைக் கணினிதான் என்று நம்பி, ஒருவர் கோப்புகளை அழிக்கும் கட்டளையை அடிக்கும்போது இந்தியத் தத்துவ மரபின் மிகப் பழைய கேள்வி ஒன்று எழுந்துவிடுகிறது. இது சோதனைக் கணினி என்ற அறிவு அவருக்கு எந்த அளவையால் வந்தது?

அளவை என்பது மெய்யறிவு பிறக்கும் வழி. வடமொழியார் பிரமாணம் என்பர். வழிகள் எத்தனை என்பதில் சமயத்துக்குச் சமயம் கணக்கு வேறு. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்கிக்கொண்டு போகிறான். அதே காதையில் வரும் பூதவாதிக்குக் கண்ணால் கண்டது போதும். 29ஆம் காதையில் அறவண அடிகள் உரைக்கும் பௌத்த அளவை, காட்சியும் கருத்தும் என்ற இரண்டோடு நின்றுவிடுகிறது. நியாய மரபு நான்கு கொள்ளும். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு, பிறர் சொல்லும் பலவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். டெர்மினல் தலைப்பை ஆராய இந்த மூன்றே போதுமானவை. சாளரத்துக்குத் தானாகப் பெயர் வைக்க யூனிக்ஸ் உலகம் கண்டுபிடித்த முறைகளும் மூன்று வகைதான். ஒவ்வொன்றும் ஓர் அளவையின் இயல்பை அப்படியே கொண்டிருக்கிறது. மென்பொருள் எழுதியவர்கள் சித்தியாரைப் படித்திருக்க வாய்ப்பில்லை என்பதால் இந்தப் பொருத்தம் இன்னும் சுவையானது.

உரையிலிருந்து தொடங்குவதே வரலாற்று முறை. 1984 கோடையில் மார்க் வாண்டவூர்ட் என்ற மாணவர் வாக்ஸ்டேஷன் 100 கணினிக்காக எழுதிய டெர்மினல் நிரல், பிறகு எக்ஸ் சாளர அமைப்போடு இணைந்து எக்ஸ்டெர்ம் ஆனது. அதற்கு முந்திய டெர்மினல்கள் மேசைமேல் நிற்கும் தனிப் பெட்டிகள். எது எந்தக் கணினியோடு பேசுகிறது என்பது இடத்தை வைத்தே தெரிந்தது. ஒரே திரையில் பல டெர்மினல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கத் தொடங்கியபோதுதான் பெயர் தேவைப்பட்டது. எக்ஸ்டெர்ம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. எஸ்கேப் எழுத்து, அதாவது 27ஆம் எண், அதன்பின் மூடும் சதுர அடைப்புக்குறி, ஓர் இலக்கம், ஓர் அரைப்புள்ளி, பிறகு வேண்டிய சொற்கள், முடிவில் மணியடிக்கும் எழுத்து, அதாவது 7ஆம் எண். இலக்கம் 2 என்றால் சாளரத்தின் தலைப்பு மாறும். 1 என்றால் சாளரம் சின்னமாகச் சுருங்கும்போது காட்டும் பெயர் மாறும். 0 என்றால் இரண்டும். பின்னால் வந்த டெர்மினல் மென்பொருள்களில் பெரும்பாலானவை இதே வழக்கத்தை ஏற்றுக்கொண்டன.

இதில் கவனிக்க வேண்டியது, பெயருக்கென்று தனி வழி எதுவும் இல்லை என்பது. நிரல் அச்சிடும் விடை, அடுத்த கட்டளைக்காக ஷெல் காட்டும் பிராம்ப்ட், தலைப்பை மாற்றும் எழுத்துகள் எல்லாம் ஒரே ஓடையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. டெர்மினல் அவற்றைப் படித்துக்கொண்டே போய், எஸ்கேப்பும் அடைப்புக்குறியும் கண்டதும் இனி வருவது திரைக்கு உரியதன்று, பெயருக்கு உரியது என்று பிரித்துக்கொள்கிறது. ஆக, தலைப்பு என்பது சாளரம் தன்னைப் பற்றித் தானே அறிந்த செய்தி ஆகாது. உள்ளே இருக்கும் யாரோ ஒருவர் சொன்னது. டெர்மினல் அதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறது. அளவையியல் இதைத்தான் உரை என்கிறது.

உரை அறிவைத் தர வேண்டுமானால் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த உறவு எங்கிருந்து வந்தது? ஜைமினியின் மீமாம்சை அது இயல்பிலேயே உள்ளது, யாரும் ஏற்படுத்தியதன்று என்கிறது. நியாயமும் வைசேடிகமும் அது வழக்கத்தால் ஏற்பட்ட ஒப்பந்தம் என்கின்றன. கிரேக்கத்தில் பிளேட்டோவின் கிராட்டிலஸ் உரையாடலிலும் இதே வழக்குதான். இயல்பின் பக்கம் கிராட்டிலஸ், ஒப்பந்தத்தின் பக்கம் ஹெர்மோஜெனஸ். டெர்மினலைச் சாட்சியாக அழைத்தால் தீர்ப்பு நியாயத்தின் பக்கம்தான் போகும். தலைப்பு வழக்கத்தை அறியாத டெர்மினலுக்கு அதே எழுத்துகளை அனுப்பினால், பெயராக வேண்டியது திரையில் குப்பையாகக் கொட்டும். எனவே விவரமறிந்தவர்கள் எழுதும் தொடக்கக் கோப்புகள் முதலில் டெர்மினல் வகையைச் சொல்லும் மாறியைச் சோதிக்கும்; எக்ஸ்டெர்ம் இனத்தைச் சேர்ந்ததாக இருந்தால்தான் தலைப்பு எழுத்துகளை அனுப்பும். உபுண்டு, டெபியன் கணினிகளில் இயல்பாகவே வரும் பாஷ் கோப்பில் இந்தச் சோதனை இருக்கிறது. அதைவிடக் கெட்ட நிலைமையும் உண்டு. எதிர்முனையில் மனிதரே இல்லாமல், இன்னொரு நிரல் கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போது தொடக்கக் கோப்பு தலைப்பு எழுத்துகளைக் கொட்டினால் பிரதி எடுப்பதே கெட்டுப்போகும். ஒப்பந்தத்தில் சேராதவர் காதில் பெயர் வெறும் சத்தமாகவே விழுகிறது.

ஷெல் எப்போது பேசுகிறது என்பது அடுத்தது. 1989இல் வெளியான பாஷ் ஷெல்லில், பிராம்ப்டைக் காட்டும் முன் ஒவ்வொரு தடவையும் ஓட்ட வேண்டிய கட்டளையை ஒரு மாறியில் எழுதி வைக்கலாம். அதில் தலைப்பை அச்சிடும் கட்டளையை வைத்தால் வேலை முடிந்தது. பிராம்ப்டின் சரத்துக்குள்ளேயே தலைப்பு எழுத்துகளைப் புதைத்து வைப்பது இன்னொரு வழி. டெபியன் கோப்பு செய்வது இதைத்தான். அப்படிப் புதைப்பவர் அந்த எழுத்துகளின் இரு பக்கமும் தனிக் குறிகள் இட்டு, இவை திரையில் இடம் பிடிக்காதவை என்று பாஷுக்குச் சொல்ல வேண்டும். மறந்தால் பாஷ் பிராம்ப்டின் நீளத்தைத் தப்பாகக் கணக்கிடும். நீண்ட கட்டளை அடிக்கும்போது வரி மடங்க வேண்டிய இடத்தில் மடங்காமல் தன்மேலேயே எழுதிக்கொள்ளும். தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகம் முதல் அமெரிக்க அலுவலகம் வரை இந்தத் தொல்லையைச் சந்திக்காத பாஷ் பயனர் குறைவு.

இனி, எந்தப் பெயரைச் சொல்வது? நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்து, ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு என்று மறுபடியும் பிரிக்கிறது. எல்லாச் சாளரத்திலும் நிற்கும் டெர்மினல் என்ற சொல், அந்தச் சாளரத்தைப் பொறுத்தவரை பொதுப்பெயர்; தனித்து அடையாளம் காட்டாது. ஷெல் எழுதும் தலைப்புக்கோ காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணம் சாளரத்தின் இயல்பிலிருந்து வரவில்லை, அது நிற்கும் இடத்திலிருந்து வருகிறது. கோப்புறையின் பெயரைச் சொல்லி அங்கே நடக்கும் வேலையைக் குறிப்பது இடவாகுபெயரின் போக்கு. ஊர் சிரித்தது என்றால் ஊரார் சிரித்தது என்று பொருள்படுவதுபோல. ஓடும் கட்டளையைத் தலைப்பாக்கினால் தொழிலைச் சொல்லி அதற்கு உரியதைக் குறிப்பது ஆகிறது. ஆகுபெயருக்கு உள்ள பலவீனம் இங்கேயும் தலைகாட்டும். ஒரே கோப்புறையில் மூன்று சாளரங்கள் நின்றால் மூன்றுக்கும் ஒரே பெயர். எது தொகுக்கிறது, எது பதிவேட்டைப் பார்க்கிறது என்பதைப் பெயர் சொல்லாது.

இடம் போதாதபோது தொழிலையும் சொல்லலாம் என்று முடிவு செய்தால் காலம் வந்து குறுக்கே நிற்கிறது. 1990இல் பால் ஃபால்ஸ்டாட் எழுதிய ஸீஷெல் இதற்கு இரண்டு தனிச் செயற்கூறுகளைத் தருகிறது. ஒன்று பிராம்ப்ட் வருமுன் ஓடும். மற்றது கட்டளை அடித்தபின், அது தொடங்குமுன் ஓடும். முதலாவதில் எழுதிய தலைப்பு முடிந்ததைச் சொல்கிறது. இரண்டாவதில் எழுதியது இனி நடக்கப்போவதைச் சொல்கிறது. பாஷில் இரண்டாவதற்கு நேர்வழி வெகுகாலம் இருக்கவில்லை. ஒவ்வொரு எளிய கட்டளைக்கும் முன் ஓடும் பிழைதேடும் பொறியை இதற்கு வளைத்துப் பயன்படுத்தினார்கள். கட்டளை அடித்தபின், அது ஓடுமுன் அச்சிடப்படும் சரம் ஒன்று பாஷ் 4.4இல், 2016இல், வந்தது. ஃபிஷ் ஷெல்லில் தலைப்புக்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது. அது கட்டளைக்கு முன்னும் பின்னும் தானாக அழைக்கப்படுகிறது.

எந்த ஷெல்லிலும் கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் வேளையில் ஷெல் பேசுவதில்லை. அது காத்துக் கிடக்கிறது. ஆகவே தலைப்பில் இறந்தகாலம் உண்டு, எதிர்காலம் உண்டு. நிகழ்காலம் என்று ஒன்று இருக்கிறதா? நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் இதே வடிவத்தில் ஒரு தடையை எழுப்புகிறது. விழும் பொருளைப் பார்த்தால் விழுந்து கடந்த தொலைவு தெரிகிறது, இனி விழ வேண்டிய தொலைவு தெரிகிறது. இடையில் நிகழ்காலம் எங்கே என்று எதிர்ப்பவன் கேட்கிறான். நிகழ்காலம் இல்லையென்றால் அதைச் சார்ந்து நிற்கும் மற்ற இரண்டும் இல்லாமல் போகும் என்பது சூத்திரத்தின் விடை. உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் இன்னும் நடைமுறைக்கு இறங்கி வருகிறார். சமைக்கிறான் என்னும்போது அடுப்பில் ஏற்றுவது முதல் இறக்குவது வரையிலான செயல்களின் தொடரே நிகழ்காலமாகப் பேசப்படுகிறது என்கிறார். இரண்டு மணி நேரம் ஓடும் தொகுப்புக் கட்டளைக்குத் தலைப்பில் நிற்கும் பெயர் இந்தப் பொருளில்தான் மெய்யாகிறது. கட்டளை தொடங்குமுன் இட்ட பெயர், அது முடிந்து அடுத்த பிராம்ப்ட் வரும்வரை, தொடர் முழுவதற்கும் உரியதாகக் கொள்ளப்படுகிறது. பிராம்ப்ட் வந்ததும் அழித்து எழுத வேண்டும் என்பது இதன் மறுபாதி. தொடங்கும்போது மட்டும் எழுதி, முடிந்ததும் திருத்தாத அமைப்பு, இறக்கிய சோற்றை இன்னும் வேகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

திருத்தாமல் நின்றுபோன பெயரின் மிகக் கெட்ட வடிவம் தொலைக் கணினியில் தெரியும். ஒருவர் தம் கணினியிலிருந்து பாதுகாப்பு ஷெல் (எஸ்எஸ்எச்) வழியாக ஒரு சர்வருக்குள் நுழைகிறார். சர்வரின் ஷெல் தன் பெயரைத் தலைப்பில் எழுதுகிறது. வேலை முடிந்து வெளியே வருகிறார். சொந்தக் கணினியின் ஷெல் தலைப்பு எழுதும் வழக்கமுடையதாக இருந்தால் அடுத்த பிராம்ப்டிலேயே பெயர் திருந்திவிடும். இல்லையென்றால் சர்வரின் பெயர் அப்படியே நிற்கும். எதிர்மாறாக, சர்வரின் ஷெல்லுக்கு அந்த வழக்கம் இல்லையென்றால் உள்ளே போனபிறகும் சொந்தக் கணினியின் பெயரே மேலே நிற்கும். இது முன்னதைவிட ஆபத்து. பௌத்தர்களின் கணிகவாதம், ஒவ்வொரு பொருளும் கணந்தோறும் வேறாகிறது என்பது. அதை முழுதாக ஏற்காதவரும், மாறும் பொருளுக்கு மாறாத பெயர் பொய்யாகிப் போவதை இங்கே மறுக்க முடியாது. கிராட்டிலஸ் கடைசியில் எந்தச் சொல்லும் சொல்லாமல் விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். எல்லாம் ஓடும் உலகில் பெயரிட முடியாது என்பது அவன் கட்சி. ஷெல் அத்தனை தூரம் போவதில்லை. பிராம்ப்டுதோறும் பெயரைப் புதிதாகச் சொல்லிச் சமாளிக்கிறது.

விம் என்ற உரைத்திருத்தி இந்த இடத்தில் நடந்துகொள்ளும் விதம் தனியாகச் சொல்லத் தகுந்தது. கோப்பைத் திறந்தால் விம் தலைப்பில் கோப்பின் பெயரை எழுதும் வசதி உண்டு. வெளியேறும்போது பழைய தலைப்பை மீட்க வேண்டும். பழையது என்ன என்று டெர்மினலிடம் கேட்க முடியாத இடங்களில் விம் வேறொரு சொற்றொடரை இட்டுவிட்டுப் போகும்: விம்மில் பறந்ததற்கு நன்றி என்று விமானப் பணிப்பெண் சொல்வதுபோல ஓர் ஆங்கில வாசகம். முந்தைய பெயரை அறியாதவர் மீட்ட மாதிரி நடிப்பதைவிட, அறியேன் என்பதை ஒரு வேடிக்கையால் ஒப்புக்கொள்வது நேர்மைதான். இப்போது எக்ஸ்டெர்மிலும் அதைப் பின்பற்றும் பலவற்றிலும் தலைப்பை அடுக்கில் போட்டு வைத்து, பின்னர் எடுத்துக்கொள்ளும் கட்டளைகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் நிரலுக்குப் பழைய பெயர் என்ன என்று தெரிய வேண்டியதே இல்லை.

சொல்பவர் நம்பத்தக்கவரா என்பதுதான் உரையளவையின் உயிர்நிலை. நம்பத்தக்கவரை நியாயம் ஆப்தன் என்கிறது. வாத்ஸ்யாயனர் அவருக்குத் தரும் இலக்கணம் இரண்டு கூறுடையது: பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே சொல்லும் விருப்பம் வேண்டும். முனிவரானாலும் மிலேச்சரானாலும் இலக்கணம் ஒன்றுதான் என்று அவர் சேர்த்துச் சொல்வதால் ஷெல்லையும் அதில் சோதித்துப் பார்க்கலாம். விருப்பம் என்ற பாதி, தொடக்கக் கோப்பை எழுதியவருடையது. நேரே அறிந்திருப்பது என்ற பாதியில்தான் ஒரு நுட்பமான ஓட்டை. பாஷ் தான் நிற்கும் கோப்புறையின் பாதையை, அங்கே வந்து சேர்ந்த விதத்தை வைத்து நினைவில் வைத்திருக்கிறது. வேறொரு சாளரத்திலிருந்து யாராவது அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டால் பாஷ் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும். இயக்குதளத்திடம் புதிதாகக் கேட்கும்படி சொன்னால்தான் உண்மைப் பாதை வரும். நினைவை அளவையாக ஏற்பதில்லை என்பதில் நியாயம் பிடிவாதமாக இருந்தது. நினைவு முன்பு பெற்ற அறிவைத் திருப்பித் தருகிறதே தவிரப் புதிதாக எதையும் அறிவதில்லை என்பது அதன் வாதம். தலைப்பில் நிற்கும் பாதை எத்தனை தடவை புதுப்பிக்கப்பட்டாலும், நினைவிலிருந்து புதுப்பிக்கப்படும்வரை அந்த வாதத்துக்கு உட்பட்டதுதான்.

சொல்பவர் யார் என்பதே தெரியாத நிலை இன்னும் மோசம். பெயருக்குத் தனி வழி இல்லாததால், திரையில் எழுத்துகளை அச்சிட முடிந்த எதுவும் சாளரத்துக்குப் பெயர் வைக்க முடியும். யாரோ அனுப்பிய உரைக்கோப்பைத் திரையில் காட்டினால், அதற்குள் ஒளிந்திருக்கும் எஸ்கேப் எழுத்துகள் தலைப்பை மாற்றிவிடும். கோப்புறையின் பெயரிலேயே இத்தகைய எழுத்துகளை வைக்கவும் யூனிக்ஸ் அனுமதிக்கிறது. 2003இல் எச்.டி. மூர் இதன் உச்சத்தைக் காட்டினார். அப்போது பல டெர்மினல்களில் தலைப்பைத் திருப்பிக் கேட்கும் கட்டளை ஒன்று இயங்கியது. கேட்டால், தலைப்பு பயனர் விசைப்பலகையில் அடித்த மாதிரியே ஷெல்லுக்குள் வந்து விழும். எனவே ஒரு தீய கோப்பு முதலில் ஒரு கட்டளையைத் தலைப்பாக எழுதி, பிறகு அந்தத் தலைப்பைக் கேட்டால், பெயராக வைத்த சொல் கட்டளை வரியில் வந்து நிற்கும். பயனரைச் சமாளித்து எண்டர் விசையை அழுத்த வைத்துவிட்டால் அது ஓடிவிடும். எக்ஸ்டெர்ம் முதலியவை அதன்பின் இந்தத் திருப்பிச் சொல்லும் வசதியை இயல்பாகவே மூடி வைத்தன. விம் பழைய தலைப்பைக் கேட்டறிய முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனைக்குப் பிறகும் தலைப்பை நம்பலாமா? மீமாம்சை ஆசிரியர் குமாரில பட்டர் சொல்வது: அறிவு தன்னளவிலேயே மெய், மறுக்கும் காரணம் வரும்வரை அதை ஐயுறத் தேவையில்லை. நியாயம் சொல்வது: மெய்ம்மை வெளியிலிருந்து உறுதிப்பட வேண்டும், தண்ணீர் என்று அறிந்து போனவனுக்குத் தாகம் தீர்ந்தால் அந்த அறிவு மெய். அன்றாட வேலையில் எல்லாரும் குமாரிலர் கட்சிதான். ஒவ்வொரு கட்டளைக்கும் முன் கணினியின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. ஆனால் அழிக்கும் கட்டளையின் முன் அந்தக் கட்சி தாங்காது. நியாயத்தின் உரைகல்லும் அங்கே உதவுவதில்லை. செயலின் பயனைக் கண்டு அறிவை உறுதிசெய்வதற்குள் தரவுத்தளம் போயிருக்கும். பிற்கால நியாய ஆசிரியர்கள் இதற்கு இடைவழி ஒன்று கண்டார்கள்: முன்பு பலமுறை மெய்யென்று உறுதிப்பட்ட வகையைச் சேர்ந்த அறிவைச் செயலுக்கு முன்பே ஏற்கலாம். தான் எழுதிய, தனக்குப் பழகிய தொடக்கக் கோப்பு இடும் தலைப்பு அந்த வகை. புதிதாக நுழைந்த சர்வரின் தலைப்பு அந்த வகையன்று. அங்கே கணினியின் பெயரைக் கேட்டுப் பார்ப்பதே முறை.

கருதல் என்னும் அளவைக்குக் குனூ ஸ்க்ரீன் எடுத்துக்காட்டு. 1987இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லௌமான், கார்ஸ்டன் போர்மான் ஆகியோர் எழுதிய இந்த நிரல் ஒரே டெர்மினலுக்குள் பல சாளரங்களை நடத்தும். அதன் தானியங்கிப் பெயரிடும் முறையில் ஷெல் தன் பெயரைச் சொல்வதில்லை. பிராம்ப்ட் எங்கே முடிகிறது என்று ஸ்க்ரீனுக்கு ஓர் அடையாளம் மட்டும் தரப்படுகிறது. அதன்பின் பயனர் அடிக்கும் வரியிலிருந்து முதல் சொல்லை ஸ்க்ரீன் பறித்துப் பெயராக்குகிறது. புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவதுபோல, அடித்த எழுத்தைக் கண்டு ஓடும் நிரலைக் கருதுகிறது. வழு நேர்வதும் அனுமானத்துக்கே உரிய முறையில்தான். பயனர் வேறு பெயரால் அழைக்கும்படி சுருக்கி வைத்த கட்டளையானால் சுருக்கமே தலைப்பாகும். மேலதிகாரம் பெற்று ஓட்டும் கட்டளையானால், அதிகாரம் தரும் நிரலின் பெயரே முதற்சொல்லாக அகப்படும். ஏது, அதாவது அடையாளம், இருக்கிறது; சாத்தியம், அதாவது அதைக் கொண்டு நிறுவ வேண்டியது, வேறாக இருக்கிறது.

காட்சிக்கு டீமக்ஸ். நிக்கோலஸ் மாரியட் 2007இல் வெளியிட்ட இந்த நிரல், யாருடைய சொல்லையும் எதிர்பார்க்காமல், டெர்மினலின் முன்னணியில் எந்த நிரல் நிற்கிறது என்று இயக்குதளத்தின் பட்டியலில் தானே பார்த்துக்கொள்கிறது. பூதவாதி மெச்சியிருப்பான். ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ஒரு வரி கூட வேண்டாம். பெயர் பழையதாக நின்றுபோகும் சிக்கலும் பெரிதாக இல்லை. ஆயினும் காட்சிக்கும் எல்லை உண்டு. முதலாவது, இயக்குதளம் காட்டும் பெயரும் ஒருவகையில் அந்த நிரல் தானே சொன்னதுதான். நிரல் தன் பெயரைத் தானே மாற்றி எழுத லினக்ஸ் அனுமதிக்கிறது. இரண்டாவது எல்லைதான் முக்கியம். பயனர் தொலைச் சர்வருக்குள் நுழைந்ததும், இங்கிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பாதுகாப்பு ஷெல் என்ற ஒரே நிரல்தான் தெரியும். எதிர்முனையில் அவர் எந்தக் கோப்புறையில் நிற்கிறார், தரவுத்தளத்தைத் திறந்திருக்கிறாரா, பதிவேட்டைப் படிக்கிறாரா என்பதெல்லாம் இந்தக் கணினியின் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. காட்சி அங்கே எட்டாது. அடிக்கும் எழுத்தை வைத்துக் கருதுவதும் பாதி வழியே போகும். அங்கே நடப்பதை அங்கிருக்கும் ஷெல் சொன்னால்தான் உண்டு. சைவ சித்தாந்தம் காட்சியையும் கருதலையும் ஏற்றபின்னும் உரையைத் தனி அளவையாகக் காத்துக்கொண்டதற்குக் காரணம் இதே வடிவில் இருந்தது: முன்னிரண்டும் எட்டாத பொருள் ஒன்று உண்டென்றால், அதை அறிய எட்டியவர் சொல் வேண்டும். சித்தாந்தத்தில் அந்தப் பொருள் இறை, அந்தச் சொல் ஆகமம்; இங்கே அந்தப் பொருள் சர்வர், அந்தச் சொல் அதன் ஷெல் எழுதும் தலைப்பு. பொருளின் உயரம் வேறு, வாதத்தின் அமைப்பு ஒன்று.

இதனால் நடைமுறையில் மூன்றையும் கலந்து வைப்பவர்களே சரியான இடத்தில் நிற்கிறார்கள் என்று சொல்லலாம். உள்ளூர்ச் சாளரங்களுக்கு டீமக்ஸின் காட்சி. தொலைவில் இருப்பவற்றுக்கு அங்குள்ள ஷெல்லின் உரை. உரைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். கணினியின் பெயர் முதலில் வரவேண்டும். பணிப்பட்டை நீண்ட தலைப்பின் வாலை வெட்டிவிடும் என்பதால், கோப்புறை வெட்டுப்பட்டாலும் கணினி தப்பிக்கும். சரத்தில் சேர்க்கும் கோப்புறைப் பெயரிலும் கட்டளையிலும் கட்டுப்பாட்டு எழுத்துகள் இருந்தால் அவற்றை அகற்றிவிட்டு அனுப்ப வேண்டும். ஸீஷெல் பயனர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிராம்ப்ட் குறியீடுகளை விரித்து அச்சிடும் முறையில் கட்டளையை அப்படியே அனுப்பினால் அதிலுள்ள விழுக்காட்டுக் குறியையும் ஷெல் பொருள்கொண்டு விரிக்கும், சொன்னது ஒன்றிருக்கத் தலைப்பில் வேறொன்று வந்து நிற்கும்.

எஞ்சியிருப்பது கையால் இட்ட பெயர். டீமக்ஸில் ஒரு சாளரத்துக்குப் பயனர் தாமே பெயர் வைத்துவிட்டால், அந்தச் சாளரத்துக்கு மட்டும் தானியங்கிப் பெயரிடுதல் நின்றுவிடும். பதிவேடு என்று பெயரிட்ட சாளரத்தில் அவர் பிறகு உரைத்திருத்தியைத் திறந்தாலும் பெயர் பதிவேடுதான். மூன்று அளவைகளில் எதுவும் இந்தப் பெயரைத் தரவில்லை. சாளரத்தில் நடப்பது என்ன என்று அது சொல்வதில்லை. எதற்காக அந்தச் சாளரம் திறக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறது. அதனால் அங்கே ஓடும் நிரலைக் காட்டி அந்தப் பெயரைப் பொய்யென்று நிறுவவும் முடியாது. நன்னூலார் கணக்கில் அது இடுகுறிக்கும் காரணத்துக்கும் நடுவே எங்கோ நிற்கும். தானியங்கி முறை மீண்டும் வேண்டுமென்றால் அந்தச் சாளரத்துக்கான அமைப்பைப் பயனரே திரும்ப இயக்க வேண்டும்.